வீட்டில் க்வில்ட் தைக்க எந்த மெஷின்? மேசையிலிருந்து ஆரம்பிக்கலாம்

க்வில்ட் (நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கிற போர்வை) தைக்க எந்த மெஷின் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். எவ்வளவு பெரிய க்வில்ட் தைக்கிறீர்கள்? அதை வீட்டில் எங்கே போட்டுத் தைக்கப் போகிறீர்கள்? முதல் கேள்விக்கு உடனே பதில் வரும், "கட்டிலுக்குப் போடுற அளவு." இரண்டாவதுக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு "டைனிங் டேபிள்லதான்" என்பார்கள். பிராண்டு, விலை, எத்தனை விதமான தையல் வரும் என்பதெல்லாம் என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு பதிலுக்கும் அப்புறம்தான். மேசை சரியில்லை என்றால் லட்ச ரூபாய் மெஷினும் உங்களைப் பாடாய்ப் படுத்தும், நல்ல மேசை கிடைத்தால் சாதாரண மெஷினே பாதி வேலையைச் செய்துவிடும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக ஒரு விஷயம். துண்டுத் துணிகளை வெட்டி இணைத்து டாப், அதாவது மேல் துணி, தைப்பதற்கு எந்த மெஷினும் போதும், கால் இன்ச் விட்டு நேராகத் தையல் விழுந்தால் சரி. கையில் இருப்பது துண்டுகளை இணைத்த 12 இன்ச் கட்டம் (பிளாக்) என்பதால் அதுவரை ஒரு கஷ்டமும் தெரியாது. டாப், நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு அடுக்கு, அடியில் பேக்கிங் என்கிற பின்துணி என்று மூன்றையும் சேர்த்து மேலே தையல் ஓட்டும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கும், ஏனென்றால் அப்போது முழு க்வில்ட்டும் மெஷினின் கைக்கு அடியில் போய்வர வேண்டும்.

ஊசியிலிருந்து மெஷினின் வலது பக்கத் தூண் வரை உள்ள இடத்தை த்ரோட் ஸ்பேஸ் என்கிறார்கள். சாதாரண வீட்டு மெஷின்களில் இது ஆறரை, ஏழு இன்ச் இருக்கும். நம் ஊர் க்வீன் சைஸ் மெத்தை 60க்கு 78 இன்ச், பக்கங்களில் கொஞ்சம் தொங்க வேண்டும் என்றால் க்வில்ட் 90க்கு 100 பக்கம் போய்விடும். நடுவில் தைக்கும்போது 45 இன்ச் அகலத் துணி, பேட்டிங்கோடு சேர்ந்து சுருண்டு அந்த ஏழு இன்ச்சுக்குள் உட்கார வேண்டும். உட்காரும், அப்புறம் உங்கள் கை போக இடம் இருக்காது. நேர்க்கோட்டில் தைத்தால் எப்படியோ இழுத்து முடித்துவிடலாம், ஃபிரீ மோஷனில், அதாவது மெஷின் துணியைத் தள்ளாமல் நாமே கையால் நகர்த்தி, வளைத்து வளைத்துத் தைக்கும்போது இரண்டு இன்ச் நகர்த்தி நிறுத்தி, சுருளைச் சரிசெய்து, மறுபடி இரண்டு இன்ச் என்று தோள்பட்டை கழன்றுவிடும்.

அதனால் சின்ன மெஷினில் முடியவே முடியாது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் நடக்கும் அமெரிக்கன் க்வில்டர்ஸ் சொசைட்டி போட்டியில் 1989ல் கேரில் பிரையர் ஃபாலெர்ட் செய்த க்வில்ட் போட்டியிலேயே சிறந்தது என்கிற முதன்மைப் பரிசு (பெஸ்ட் ஆஃப் ஷோ) வாங்கியது, மெஷினில் க்வில்ட் செய்த ஒன்று அங்கே அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. க்வில்ட்டைச் சட்டத்தில் விரித்து வைத்துத் தைக்கிற பெரிய ஃபிரேம் மெஷின்கள் வீடுகளுக்குள் பரவலாக வராத காலம் அது. கை தேர்ந்தவர்களை மெஷின் தடுக்காது, ஆனால் நம்மைப் போல வேலை, சமையல், பிள்ளைகள் எல்லாம் முடித்து ராத்திரி பத்து மணிக்கு உட்காருகிறவர்களுக்குக் கூடுதலாக இரண்டு இன்ச் இடம் கிடைத்தால் அது பெரிய விஷயம்.

மெஷின் பற்றிப் பேசும்போது யாரும் பேட்டிங்கைப் பற்றிப் பேசுவதில்லை, எனக்கு அது ஆச்சரியமாக இருக்கும். சென்னையில் இருந்துகொண்டு க்வில்ட் எதற்கு என்று என் மாமியார் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் கிடையாது, ஏசி ரூமுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏசி ரூமுக்கு மெலிசான க்வில்ட் போதுமே. உப்பலான பாலியஸ்டர் பேட்டிங் வைத்தால் சுருள் தடியாகி த்ரோட்டை அடைத்துக்கொள்ளும், மெலிசான காட்டன் பேட்டிங்கோ ஃபிளானலோ பல முறை துவைத்த பழைய காட்டன் புடவையோ வைத்தால் அதே க்வில்ட் பாதி தடிமனில் சுருண்டு ஏழு இன்ச்சுக்குள் சமர்த்தாக அடங்கும். நடுவில் என்ன வைக்கப் போகிறோம் என்று முடிவு செய்தால் சிலருக்குப் புது மெஷினே தேவைப்படாது.

சரி, மேசைக்கு வருவோம். மெஷினை மேசை மேல் தூக்கி வைத்துத் தைத்தால், மெஷினின் தட்டு மேசையைவிட மூன்று நான்கு இன்ச் உயரத்தில் நிற்கும். க்வில்ட்டின் எடை முழுவதும் அந்த விளிம்பிலிருந்து கீழே தொங்கி இழுக்கும். நீங்கள் ஒரு பக்கம் நகர்த்த, எடை இன்னொரு பக்கம் இழுக்க, ஒரு தையல் நீளமாகவும் அடுத்தது குட்டியாகவும் விழும். நிறைய பேர் இதை டென்ஷன் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள், அவரும் வந்து ஒரு ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறார். க்வில்ட்டின் எடையை மேசை தாங்க வேண்டும், ஊசியைச் சுற்றி இருக்கிற ஒரு அடி துணி மட்டும் உங்கள் கைக்குள் லேசாக நகர வேண்டும். அதற்கு மெஷினின் தட்டும் மேசையும் ஒரே மட்டத்தில் இருப்பது மாதிரி வழி வேறில்லை.

வெளிநாட்டில் இதற்கென்றே மேசை விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் தலை சுற்றும். நம் ஊரில் ஒரு ஆசாரியைப் பிடித்தால் வேலை முடிந்தது. பழைய ஆபீஸ் மேசையோ கெட்டியான பிளைவுட் மேசையோ எடுத்து, மெஷின் அளவுக்குப் பள்ளம் வெட்டி, அடியில் நான்கு போல்ட்டில் ஒரு பலகை தொங்கவிடச் சொல்லுங்கள், போல்ட்டைத் திருகித் திருகி மெஷினை மேசை மட்டத்துக்குக் கொண்டுவரலாம். மேலே பளபளப்பான மைக்கா ஒட்டிவிட்டால் துணி வழுக்கிக்கொண்டு போகும். வெட்டுவதற்கு முன் பாபின் எந்தப் பக்கமிருந்து போடுகிறோம் என்று ஆசாரியிடம் காட்டிவிடுங்கள், மேலிருந்து போடுகிற மெஷினுக்குப் பிரச்சனையில்லை, முன்னாலோ இடது பக்கமோ கதவு திறக்கிற மெஷினுக்கு அந்த இடத்தில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பலகைத் துண்டு வேண்டும். உட்கார்ந்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும், டைனிங் டேபிள் பெரும்பாலும் அதைவிட உயரம், தோள்வலி அங்கிருந்துதான் வருகிறது. மேசையின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் க்வில்ட் பின்னால் சரிந்து விழாது. இடது பக்கம் இன்னொரு மேசை, இல்லாவிட்டால் அதே உயரத்தில் இஸ்திரிப் பலகை.

இப்போது மெஷின். நம் வீடுகளில் பாட்டி காலத்துக் கறுப்பு மிதி மெஷின் ஒன்று எங்காவது மூலையில் டிவி ஸ்டாண்டாக நின்றுகொண்டிருக்கும். அதை ஒரு தடவை திறந்து பாருங்கள். மேசைக்குள் புதைந்த மாதிரிதான் அது உட்கார்ந்திருக்கும், நான் மேலே ஆசாரியை வைத்துச் செய்யச் சொன்னது அதில் ஏற்கெனவே இருக்கிறது. த்ரோட்டையும் டேப் வைத்து அளந்து பாருங்கள், இன்றைக்கு வருகிற பிளாஸ்டிக் உடல் மெஷின்கள் பலவற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும். நேர்த்தையல் மட்டும்தான் போடும், க்வில்ட்டுக்கு அது போதும். துணியைத் தள்ளுகிற பல்லை இறக்க வழியில்லாத மாடலாக இருந்தால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பல்லுக்கு மேல் மூடித் தட்டு போட்டு, எம்ப்ராய்டரி பாதம் மாட்டினால் ஃபிரீ மோஷன் செய்யலாம். மிதியில் வேகம் முழுக்க உங்கள் கால் பேச்சைக் கேட்கும் என்பது கூடுதல் சௌகரியம். கரண்ட் போனாலும் கவலையில்லை.

புது மெஷின் வாங்க ஷோரூமுக்குப் போனால் விற்பவர் முதலில் காட்டுவது இருநூறு டிசைன் தையல். பூ, வாத்து, எழுத்து எல்லாம் வரும். விறைப்பான வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து அதில் ஓட்டிக் காட்டுவார்கள், அதில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். நான் போன ஒரு கடையில் ஃபிரீ மோஷன் பாதம் இருக்கிறதா என்று கேட்டதற்கு "அதெல்லாம் வேண்டாம் மேடம், இதுலயே பூ வருது பாருங்க" என்றார். வீட்டிலிருந்தே டாப், பேட்டிங், பேக்கிங் வைத்துப் பின் குத்திய ஒரு அடித் துண்டு இரண்டு மூன்று கொண்டுபோங்கள், உங்கள் நூலையும் கொண்டுபோங்கள். பல்லை இறக்கிவிட்டு வட்டம் வட்டமாகப் பத்து நிமிஷம் தைத்துவிட்டுத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வளைவுகளில் அடி நூல் நேராகக் கிடக்க, மேல் நூல் அதைச் சுற்றிக் குட்டிக் குட்டி வளையமாக எட்டிப் பார்த்தால், கொஞ்சம் நிதானமாகக் கை நகர்த்தி மறுபடி பாருங்கள், டென்ஷனை ஏற்றிப் பாருங்கள், அப்பவும் போகவில்லை என்றால் வேறு மெஷின். நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்கிற வசதியும், பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கிற வசதியும் கட்டாயம் வேண்டும். முழங்காலால் பாதத்தைத் தூக்குகிற கம்பி இருந்தால் இரண்டு கையும் துணியிலேயே இருக்கும், பழகிவிட்டால் அது இல்லாமல் முடியாது. நூல் தானாக வெட்டுவது சொகுசு, இருந்தால் நல்லது.

நான் சிபாரிசு செய்வது நேர்த்தையல் மட்டும் போடுகிற, வீட்டு மெஷினுக்கும் ஃபேக்டரி மெஷினுக்கும் நடுவில் வருகிற ரகம். ஜூகி டிஎல் 2010க்யூ, பிரதர் பிக்யூ1500எஸ்எல், ஜனோமி 1600பி எல்லாம் இந்த ரகம்தான். எட்டரை, ஒன்பது இன்ச் த்ரோட், நிமிஷத்துக்கு 1500 தையலுக்குக் குறையாத வேகம். அந்த வேகம் நமக்குத் தேவையே படாது, அவ்வளவு வேகம் தாங்குகிற உறுதியான உடல்தான் தேவை. ஜூகியில் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்க ஒரு நகர்த்தி உண்டு, பாதியில் வைத்துவிட்டு பெடலை முழுக்க அழுத்தித் தைத்தால் கை ஒரே சீராகப் போகும். ஜிக்ஜாக் கிடையாது, காஜா கிடையாது. ஜாக்கெட்டும் தைக்க வேண்டும் க்வில்ட்டும் வேண்டும், மெஷின் ஒன்றுதான் என்றால் இது உங்களுக்கு வேண்டாம்.

இந்த மாடல்களை அமெரிக்காவில் இருக்கிற அக்காவோ தம்பியோ பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது நம் ஊரில் சகஜம். ஜூகி பதினொன்றரை கிலோ பக்கம் இருக்கும், 23 கிலோ பெட்டியில் மெஷினும் பேட்டிங்கும் அடங்கும். பிரச்சனை வோல்டேஜ். அங்கே விற்கிற மெஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230. பின்னை மாற்றுகிற அடாப்டர் வோல்டேஜை மாற்றாது, அப்படியே சொருகினால் மெஷின் போர்டு போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், மெஷினில் எழுதியிருக்கிற வாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்குவதாக. சில கம்ப்யூட்டர் மெஷின்கள் 100லிருந்து 240 வரை எதையும் ஏற்கும், பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும் தகட்டைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், கடைக்காரர் சொன்னார் என்று நம்ப வேண்டாம். அப்புறம் கரண்ட் கட்டில் இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் இன்வெர்ட்டர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, அது மற்ற ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பனியன் கம்பெனிகளில் ஓடிய பவர் மெஷின், ஜூகி டிடிஎல் 8700 மாதிரியானவை, மேசையோடு சேர்த்து செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். த்ரோட் பத்து இன்ச்சுக்கு மேல், உடல் வார்ப்பிரும்பு, மேசை ஏற்கெனவே ஒரே மட்டம், முழங்கால் தூக்கியும் உண்டு. உதிரி பாகமும் மெக்கானிக்கும் தெருவுக்குத் தெரு. ஆனால் வாங்குவதற்கு முன் இதையும் யோசியுங்கள். பழைய கிளட்ச் மோட்டாராக இருந்தால் நீங்கள் தைக்காதபோதும் உறுமிக்கொண்டே இருக்கும், காலை வைத்ததும் பாயும், அதைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் போடச் சொல்லுங்கள், சத்தமும் போகும் கரண்ட் பில்லும் குறையும். பல்லை இறக்க இதில் பட்டன் இல்லை, ஃபிரீ மோஷனுக்கு மெக்கானிக்கை வைத்துப் பல்லைக் கழற்ற வேண்டும், அப்புறம் சாதாரணத் தையலுக்கு மறுபடி மாட்ட வேண்டும். ஊசி டிபி×1 என்கிற உருண்டைத் தண்டு ஊசி, வீட்டு மெஷினின் தட்டைத் தண்டு ஊசி இதற்குச் சேராது. எண்ணெயில் முழுகி ஓடுகிற மெஷின் என்பதால் ஊசிக் கம்பி வழியாக இறங்குகிற எண்ணெய் வெள்ளைத் துணியில் பொட்டு வைத்துவிடும். பை, சோபா உறை தைக்கிற பெரிய வாக்கிங் ஃபுட் (மேலிருந்தும் துணியைத் தள்ளுகிற பாதம்) பவர் மெஷினைக் காட்டி "இது க்வில்ட்டுக்குத்தான்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள், அதன் பாதம் மெல்லிய காட்டனில் பல் தடம் பதிக்கும்.

லாங் ஆர்ம் என்கிற பெரிய ஃபிரேம் மெஷின்தான் எல்லாருடைய கனவும். ஊசியைப் பேனா, க்வில்ட்டைப் பேப்பர் என்று வைத்துக்கொண்டால், சாதாரண மெஷினில் பேனா நிற்கிறது, நாம் பேப்பரை நகர்த்துகிறோம், ஃபிரேமில் பேப்பர் நிற்கிறது, பேனாவை நகர்த்துகிறோம். படம் வரைகிற கை இருக்கிறவர்கள் ஃபிரேமில் உடனே தேறிவிடுவார்கள். மூன்று அடுக்கையும் முன்கூட்டிப் பின் குத்தி இணைக்கிற முதுகுவலி வேலையும் அதில் இல்லை, டாப், பேட்டிங், பேக்கிங்கைத் தனித்தனியாக உருளைகளில் ஏற்றிவிடலாம், பேக்கிங் மட்டும் எல்லாப் பக்கமும் நான்கு இன்ச் கூடுதலாக வேண்டும். சக்கரங்களில் உள்ள சென்சார் கை வேகத்தைப் பார்த்துத் தையல் நீளத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். எல்லாம் சரி. பத்தடி ஃபிரேம் வைக்க, முன்னாலும் பின்னாலும் நின்று வேலை செய்ய, ஒரு முழு அறை வேண்டும். நம் ஃபிளாட்டில் பெட்ரூமே பத்துக்குப் பதினொன்று. விலை லட்சங்களில். த்ரோட் 15 இன்ச் என்று சொன்னாலும் தைத்து முடித்த பாகம் உள்ளேயே சுருண்டு சேரச் சேரக் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. வருஷத்துக்கு இரண்டு மூன்று பெரிய க்வில்ட் செய்கிறவர்கள் லாங் ஆர்ம் வைத்திருப்பவரிடம் கொடுத்துக் கூலிக்குத் தைத்து வாங்குவதே கட்டுப்படியாகும், நான் பெரியவற்றை அப்படித்தான் செய்கிறேன், அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் ஃபிரேமைப் பற்றி யோசிக்கலாம். அறை சிறியது, பணம் இருக்கிறது என்பவர்களுக்கு உட்கார்ந்து தைக்கிற லாங் ஆர்ம் உண்டு, ஹேண்டி க்வில்டர் ஸ்வீட் சிக்ஸ்டீன், பெர்னினா க்யூ20 மாதிரி, 16லிருந்து 20 இன்ச் த்ரோட், ஒரு மேசை அளவு இடம் போதும். பின் குத்துகிற வேலை மட்டும் பழையபடி உங்கள் தலையில்தான்.

பெரிய மெஷினுக்கு இப்போதைக்கு வழியில்லை என்றால் க்வில்ட்டை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகத் தைத்து, கடைசியில் சேர்த்துவிடுங்கள். 90 இன்ச் க்வில்ட் 30 இன்ச் பட்டைகளாகிவிடும், எந்த மெஷினுக்கும் அது பிரச்சனையில்லை. இணைக்கிற இடத்தில் பின்பக்கம் ஒரு பட்டை மூடித் தைக்க வேண்டும், அந்தக் கோடு தெரியும்தான். எனக்கு அது உறுத்தாது, சிலருக்கு உறுத்தும்.

சில்லறைச் சாமான்களில் வாக்கிங் ஃபுட் முதலில், நேர்க்கோட்டுத் தையலுக்கு அது இல்லாமல் மேல் துணி நகர்ந்து சுருக்கம் விழும். உங்கள் மெஷின் லோ ஷாங்க்கா ஹை ஷாங்க்கா (பாதம் மாட்டுகிற தண்டு குட்டையா நெட்டையா) என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள், ரூலரைப் பிடித்து அதன் ஓரமாகப் பாதத்தை ஓட்டித் தைப்பதாக இருந்தால் ரூலர் தடிமனும் அதைப் பொறுத்துத்தான், லோ ஷாங்க்குக்கு 3 மில்லிமீட்டர், லாங் ஆர்முக்கு 6. ஊசி 90/14 டாப் ஸ்டிட்ச், க்வில்ட்டுக்கு ஒன்று என்று மாற்றிவிடுங்கள். இதற்கென்றே விற்கிற விலை உயர்ந்த கையுறைக்குப் பதில் விரல் நுனியில் ரப்பர் பூசிய தோட்ட வேலைக் கையுறை போதும். சென்னை மாதிரிக் கடலோர ஊர் என்றால் பாபின் கேஸையும் ஊசித் தட்டையும் அடிக்கடி துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், காட்டன் பேட்டிங் உதிர்க்கிற பஞ்சு ஈரத்தோடு சேர்ந்து கெட்டியாகித் துரு பிடிக்க வைக்கும்.

புது மெஷின் வந்ததும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். கடையில் அதற்குத் தருகிற காசு ஒரு பேட்டிங் ரோலுக்குக்கூடக் காணாது. பெரியது மேசைக்குள் உட்கார்ந்து, ஃபிரீ மோஷன் பாதமும் டென்ஷனும் அப்படியே இருக்க, பீஸ் இணைப்பது, பைண்டிங் என்கிற ஓரப்பட்டிக்கு ஜிக்ஜாக், பக்கத்து வீட்டுப் பெண்ணின் யூனிஃபார்ம் கிழிசல் எல்லாம் பழையதில் ஓடட்டும்.